விடத் தெரியாத நங்கூரம்

1. ஈரக் கயிறு

பட்டறைக்கல் மேல் ஈரக் கயிறு ஒன்று பொத்தென்று வந்து விழுந்தது. பழுக்கக் காய்ந்த ஏர்க்கொழுவை அடித்துக்கொண்டிருந்த நான் சுத்தியலை நிறுத்தி நிமிர்ந்தேன். எதிரே லட்சுமம்மா. நாலு எட்டுத் தள்ளி அவர் கணவர் முனிராஜ், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க செஞ்ச நங்கூரத்துல மிச்சம் இவ்ளோதாங்க பாய்," என்றார் லட்சுமம்மா.

அறுபதுகளின் கடைசி அது. காரிமங்கலத்தில் எனக்கு ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. கொழு, மண்வெட்டி, களைக்கொத்து எல்லாம் அடிப்பேன். ஆனால் சந்தையில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாதாளக் கரண்டிதான். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற, சுற்றிலும் கொக்கி வைத்த சாமான். "காதர் பாய் கரண்டி உள்ள எறங்குனா வெறுங்கையோட வராது" என்று ஜனங்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

லட்சுமம்மாவும் முனிராஜும் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் பரிசலில் போய்த் தூண்டில் போடுகிறவர்கள். துடுப்பு அந்தம்மா கையில், தூண்டில் இவர் கையில். பரிசல் நகராமலிருக்க ஒரு கல்லைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் வண்டல், மேலே காற்று. கல் வழுக்கும், பரிசல் தள்ளிப்போகும், மீன் கடிக்கிற இடம் கைவிட்டுப் போகும். அதனால் இரும்பில் நங்கூரம் கேட்டார்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பாதாளக் கரண்டியையே பெரிசாக அடித்து, மேலே ஒரு வளையம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"என்னங்க ஆச்சு?"

"காத்து ஏறிடுச்சுங்க. கரைக்குப் போலாம்னு இழுத்தா நங்கூரம் வரல. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு இழுத்தோம், பரிசல் சாஞ்சு தண்ணி உள்ள வந்துருச்சு. கத்தியால கயித்த அறுத்து வுட்டேன். இல்லாட்டி இன்னிக்கு எங்க வூட்ல ஒப்பாரிதான்."

"எதுல மாட்டுச்சு?"

முனிராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கெணத்துலங்க. டேம் கட்டறதுக்கு முன்னாடி எங்க மாமன் கெணறு அங்கதான் இருந்துச்சு. இது போயி அந்தக் கல்லுக்கட்டைப் புடிச்சிருச்சு."

கிணற்றுக்கென்று பழகிய என் கரண்டி, அத்தனை பெரிய அணைக்குள்ளும் கிணற்றையே தேடிப் போயிருக்கிறது!

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. "புடிக்கலைன்னா சண்டைக்கு வாங்க, சரி. புடிச்சதுக்குமா சண்டைக்கு வருவீங்க?"

"புடிச்சா மட்டும் போதுங்களா பாய்? கூப்புட்டா வரணுமில்ல?"

நான் கயிற்றின் அறுந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னொன்னு செஞ்சு குடுங்க. அதுவும் இப்படின்னா பரிசலை வித்துப்போட்டு பெங்களூருக்குக் கல்லு ஒடைக்கப் போறோம். உசுரு இருந்தா கல்லாவது ஒடைக்கலாம்." கிளம்பியவர் திரும்பினார். "எங்க கரையில பரிசல் கட்டுனவருதான் மொதல் நடை ஏறணுங்க. நங்கூரத்துக்கும் அதேதான். போன தடவ உங்கள ஏத்தாம வுட்டது எங்க தப்பு."

எனக்கு நீச்சல் தெரியாது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

2. கரி மூட்டை

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கொக்கியைச் சின்னதாக்கினால் வண்டலில் பிடிக்காது. பெரிசாக்கினால் கல்லில் மாட்டும். மூன்றாம் நாள் உலைக்குக் கரி மூட்டை பிரித்தேன். சணல் தையலை ஒரு முனையில் எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. மறுமுனையைப் பிடித்துச் சுண்டியதும் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்தது. அட, இதுதானே வேண்டும்!

செய்த விதத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அரை அங்குலக் கம்பி, எங்கள் கணக்கில் நாலு சூத். அதில் நாலு கொக்கி, உள்ளே சுருளாமல் வாய் திறந்தபடி. கொக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் ஒரு வளையம், நடுத்தண்டின் உச்சியில் இன்னொன்று. ஒரு முழச் சங்கிலியை அடி வளையத்தில்தான் பூட்ட வேண்டும். அதைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, உச்சி வளையத்தில் சணலால் மட்டும் கட்ட வேண்டும். பரிசல் கயிறு சங்கிலியின் மறுமுனையில். சாதாரணக் காற்றுக்குச் சணல் தாங்கும். எங்காவது மாட்டிக்கொண்டால் பலமாக இழு. சணல் அறும், இழுப்பு அடிப்பக்கம் போகும், கொக்கி பின்பக்கமாகக் கழன்று வரும். சணல் ஒற்றைப் புரியாக இருந்தால் காற்றுக்கே அறும், மூன்று புரியானால் மனுஷன் இழுப்புக்கும் அறாது. வேப்பமரத்தில் கட்டி இழுத்து இழுத்துப் பார்த்து, இரண்டு புரி என்று முடிவு செய்தேன்.

கயிறு, ஆழத்தைப் போல மூன்று மடங்கு. பரிசல் விளிம்பில் மாடு கட்டுகிற முடிச்சு, வாலைச் சுண்டினால் அவிழ்வது. கயிற்றின் நுனியில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை. அவசரத்துக்கு அவிழ்த்து விட்டுவிட்டுப் போனாலும் குடுக்கை மிதந்து இடத்தைக் காட்டும்.

3. முதல் நடை

லுங்கியை மடித்துக் கட்டி, பிஸ்மில்லா சொல்லி லட்சுமம்மாவின் பரிசலில் ஏறினேன். நங்கூரக் கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் என்னை உட்கார வைத்தார்கள், எடை சமமாக இருக்க. முதலில் வண்டலில் இறக்கினோம். காற்று அடித்தது, பரிசல் நகரவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். போதும், கரைக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

முனிராஜ் நங்கூரத்தை ஏற்றியதும் லட்சுமம்மா துடுப்பை வேறு பக்கம் போட்டார். "எங்கங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"மாமன் கெணத்துக்கு."

பரிசல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அங்கே நங்கூரம் போட்டதும் மாட்டிக்கொண்டது. "நீங்களே இழுங்க பாய்," என்றார் முனிராஜ். நான் கயிற்றுப் பக்கம் வந்து இழுத்தேன். மற்ற இருவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தும் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. வரவில்லை. இரண்டு புரி போட்டது தப்போ? ஒற்றைப் புரியே போட்டிருக்கலாமோ?

"இன்னொரு தம் கட்டுங்க பாய், உங்க நங்கூரந்தான!" என்றார் லட்சுமம்மா.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். டப்பென்று ஏதோ விட்டது. மல்லாக்க மீன் கூடை மேல் விழுந்தேன். முனிராஜ் கயிற்றைச் சுருட்ட, காலைப் பிடித்துத் தூக்கிய கோழி போல நங்கூரம் தலைகீழாக மேலே வந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" எழுந்து குதித்தேன். பரிசல் ஒரு ஆட்டம் ஆடியது. லட்சுமம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நங்கூரம் நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் கவுத்துருவீங்க போல!"

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்கம்மா!"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா ஏத்தியிருப்பீங்களா?"

முனிராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். லட்சுமம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அறுந்த சணலை எடுத்து முந்தானையில் முடிந்தார். "பெங்களூருக்குப் போக வேண்டாங்க," என்று கணவரிடம் சொன்னார்.

இன்றைக்கு வெல்டிங் கடை வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சாமானைச் செய்து கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. வாங்கினவர் எங்கே உட்கார்ந்து அதைப் பிடிக்கிறாரோ, அங்கே ஒரு தடவை நீங்களும் போய் உட்காருங்கள். முதல் நங்கூரத்தை அப்படிச் செய்திருந்தால் அது இன்னும் அந்தக் கிணற்றில் கிடக்காது.

கரையில் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பரிசல்காரர்கள் அங்கேயே ஆளுக்கொரு நங்கூரம் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் லட்சுமம்மா எனக்காக எல்லோரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார்: "செஞ்சவரே வந்து மொதல் நடை ஏறுவாருங்க!"

ஆறு பரிசலிலும் ஏறினேன். சணலை மட்டும் ஒவ்வொரு தடவையும் என் கையாலேயே கட்டினேன்.