கல்லில் மாமா பெயர்

எங்கள் பக்கத்துக் கோயில்களில் கல்லில் ஒரு பெயர் இருந்தால் அது உபயதாரர் பெயர்தான். மணி கொடுத்தவர், படி கட்டியவர், டியூப் லைட் போட்டவர் என்று எல்லோரும் சுவாமிக்குப் பக்கத்திலேயே பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். சில லைட்டில் எழுத்துப் போக மிச்சம்தான் வெளிச்சம். அதனால் இரண்டாம் வகுப்புக்காரியான எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சந்தேகமும் கிடையாது.

பட்டாளத்துக்குப் போன மாமா சண்டையில் காணாமல் போய்விட்டதாகத் தந்தி வந்திருந்தது. அத்தை குங்குமத்தை அழிக்கவில்லை. "செத்ததை யாரு பாத்தா? அவரு வருவாரு" என்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாமா பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அப்போதுதான், தஞ்சாவூரில் சண்டையில் செத்தவர்களுக்குப் பெரிய கோயில் மாதிரியே நினைவுச்சின்னம் எழுப்பி, பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அதில் மாமா பெயர் இல்லை என்று அத்தைக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்கோ எழுத்துத் தெரியாது. அறுப்புக் கூலித் தகராறில் போலீஸ் தேடியதால் அப்பாவும் வீட்டுப் பக்கம் வருவதில்லை. படித்துச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு பாபநாசத்தில் பஸ் ஏறினாள். அங்கே இருப்பது யார் பெயர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அதே விமானம், அதே கலசம். நந்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பீரங்கி. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அத்தை அர்ச்சனைத் தட்டோடு வலம் வந்தாள். காவல்காரர் ஓடி வந்தார்.

"இது கோயில் இல்லம்மா. தேங்காயெல்லாம் ஒடைக்கக் கூடாது."

"கோபுரத்த வச்சுக் கட்டிப்புட்டு கோயில் இல்லன்னா எப்புடிங்க? ஒடைக்கல, போங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா பேரு இருக்கான்னு பாருடி."

பெயர் வெட்டிய கல்லில் மேலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். இருந்தது!

"அத்த! மாமா பேரு! இனிஷியலோட போட்ருக்கு! மாமா எவ்ளோ குடுத்தாங்க அத்த?"

"இன்னொரு தரம் படி" என்றாள் அத்தை. இன்னும் உரக்கப் படித்தேன். அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக் கல்லடியில் வைத்தாள். காவல்காரர் இந்த முறை தடுக்கவில்லை.

பூ வைத்தால் அடுத்தது வேண்டுதல் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக் கைகூப்பினேன்.

"சாமி, எங்கப்பா பேரும் இதுல சீக்கிரமா வரணும்."

அறைந்தாற்போல் அத்தையின் கை என் வாயைப் பொத்தியது.

ஈசன் கருணையுள்ளவன். அந்த வேண்டுதலை அவன் காதில் வாங்கவேயில்லை. அப்பா பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அன்று பஸ்ஸில் நான் அத்தையோடு பேசவில்லை. தன் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் கல்லில் இருக்க வேண்டுமாம், என்ன பொறாமை இவளுக்கு என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.