ஒல்லிப் பிள்ளைக்கு எதற்குச் சர்க்கரைப் பரிசோதனை?

எடை இயந்திரத்தின் முள் முப்பதில் நின்றது. திருவொற்றியூரில் ஒரு பள்ளி மருத்துவ முகாம். பதின்மூன்று வயதுப் பெண்; சீருடை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நான் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒல்லிப் பிள்ளை என்றால் ரத்தசோகை பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். சர்க்கரை பார்க்கும் கருவி தொப்பை விழுந்த பெரியவர்களுக்கானது என்றே நினைத்திருந்தேன். அவளிடம் தினமும் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவளுடைய அம்மா மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் மீன் விற்பவர். மகளுக்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். இவ்வளவு ஒல்லியான பிள்ளைக்கு எதற்கம்மா என்று கேட்டேன்.

"ஒல்லியா கீறவங்களுக்கு வராதுன்னு யாரு சார் சொன்னது? இவ அப்பா குச்சியாட்டம் இருந்தாரு. சுகர்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள கால்ல புண்ணு வந்து போய்ட்டாரு. இவ வவுத்துல இருக்க சொல்லோ நானும் பாதி நாள் பட்டினி. நீ குத்திப் பாரு."

பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்தது. அவரை அனுப்பிவைக்கத்தான் குத்தினேன். வந்த எண்ணைப் பார்த்ததும் கருவிமேல் சந்தேகம் வந்து வேறு விரலில் குத்தினேன். அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தும் பார்த்தோம். நோய் இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்திருந்தது. கருவிலேயே பட்டினி கண்டு, பிறகும் டீயிலும் பன்னிலும் வளரும் உடம்பு, கொழுப்பே இல்லாவிட்டாலும் சர்க்கரையைச் சமாளிக்கத் திணறலாம் என்றார் மருத்துவர். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். குளுக்கோஸ் குடிக்கச் சொன்னவன் நான்தானே.

அந்த அம்மா தயங்கவில்லை. தினமும் கடை விரிக்கும் முன்பே மகளுக்கென்று நல்ல மீன் இரண்டை எடுத்து வைத்தார். பன் போய் முட்டையும் சுண்டலும் வந்தன. பெண் பள்ளியில் கபடி ஆடத் தொடங்கினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தார்கள். எடை ஏறியது, சர்க்கரை இறங்கியது. அதன்பின் முகாம்களில் எந்த ஒல்லிப் பிள்ளையையும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. மருத்துவரும் அதையே வழக்கமாக்கினார். இன்னும் சிலர் அப்படித்தான் அகப்பட்டார்கள், நல்லவேளையாக நோய் வரும் முன்பே.

பன்னிரண்டு வருடம் கழித்து, போன வாரம் அந்தப் பெண் நான்கு மாதக் கர்ப்பிணியாக அம்மாவோடு வந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தாள். நார்மல் என்றேன். "நார்மல்னா இன்னா, நம்பர சொல்லு சார்" என்றார் அம்மா. சொன்னேன்.

"உனக்கு எப்பம்மா பாத்த?" என்று மகள் அம்மாவிடம் கேட்டாள்.

அவர் சிரித்தார். "எனக்கு யாரு பாத்தா?"

இத்தனை வருடம் எனக்கும் தோன்றவில்லை. மகளே அவர் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். விரலில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்துவிட்டுக் குத்தினேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. அவர் முகம் மாறவில்லை.

"சரி, நாளைக்குக் காலையில வெறும் வவுத்தோட வரேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.