மீன் லொறியில் ஏற்றப்பட்டவர்கள்

அண்ணிக்கு நிறைமாதம். அன்றைக்கே வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில். அண்ணனுக்கு அறுவடைக் கூலி வேலை. விட்டுவிட்டு வர முடியவில்லை. நான்தான் துணைக்குப் போனேன். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டை விட்டு ஓடிவந்து, முள்ளியவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் நடுப்பகுதியில், எந்த இடத்தில் வெடிக்கும் என்று தெரியாத றோட்டில், பஸ் ஏறவே எனக்குப் பயம்.

கண்டக்டர் இளவயதுக்காரர். அண்ணியைக் கண்டதும் முன் ஆசனத்தைக் காட்டினார்.

"முன்னுக்கு வந்து இருங்கோ அக்கா. பின்னுக்குத் தூக்கித் தூக்கிப் போடும்."

இஞ்சின் சூட்டிலும் எண்ணெய் மணத்திலும் அண்ணிக்குக் குமட்டியது. "வேணாங்க தம்பி, ஜன்னல் ஓரமா இங்கயே இருந்துக்கிறேன்" என்றாள். எங்களுக்குப் பக்கத்தில் கரையோரத்து மீன்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கழுத்தில் சிலுவை. காலையில் கொண்டுவந்த கருவாட்டை விற்று முடித்து, வெறும் பனையோலைக் கடகத்தோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில், இரண்டு பக்கமும் புதர் மண்டிய பற்றைக்காடு நெருங்கும் இடத்தில் பஸ்ஸின் முன்பக்கம் மேலே எழுந்தது. கண்ணிவெடி என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டப்பகலில் ஒன்றும் தெரியாமல் போனதுதான். வாய் நிறையப் புழுதி. என் மேல் யாரோ கிடந்தார்கள். காதுக்குள் ஒரே இரைச்சல்; அதற்குள்ளும் துவக்குச் சத்தம் கேட்டது.

மீன்காரப் பெண்தான் அண்ணியைப் பின் ஜன்னல் வழியாக வெளியே இறக்கினாள். பிறகு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் தவழ்ந்து போய் பற்றைக்குள் படுத்தோம். அண்ணியின் காலில் கண்ணாடி கிழித்து இரத்தம் ஓடியது. குப்புறப் படுக்க முடியாமல் வயிற்றைப் பிடித்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள்.

"மாரியாத்தா, மாரியாத்தா" என்று அண்ணி முனகினாள். மீன்காரப் பெண் அவளுடைய வாயைப் பொத்தினாள். பொத்தியவளின் உதடுகள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆனால் சத்தம் வரவில்லை.

துவக்குச் சத்தம் நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சுட்டவர்கள் போய்விட்டார்களா, கிட்ட வருகிறார்களா என்று தெரியவில்லை. சருகில் காலடி கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டேன். வாயிலிருந்து சத்தம் வந்துவிடாமல் சேலைத் தலைப்பைக் கடித்தேன்.

"ஆரும் இருக்கிறியளோ? எழும்பி வாங்கோ. உள்ளுக்கை சனம் கிடக்குது."

குரல் திரும்பவும் கேட்டது.

"அது எங்கட கண்டக்டர்" என்றாள் மீன்காரப் பெண். "நான் போறன்."

"போகாதீங்க அக்கா. எங்களை விட்டுட்டுப் போகாதீங்க." அவளுடைய கையை நான் விடவில்லை.

"எனக்கும் பயம்தான் பிள்ளை. கையை விடு."

பற்றை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டரும் அவளும் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். றைவர் முடிந்துவிட்டார். முன் ஆசனத்தில் இருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. சந்தைக்குப் போன ஒரு தாயும் மகளும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடந்தார்கள். கண்டக்டர் அவர்கள் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டார்.

முல்லைத்தீவிலிருந்து மீன் லொறி ஒன்று வந்தது. அந்த இரைச்சல் கேட்டதும் நாங்கள் மறுபடி தலையைத் தாழ்த்தினோம். லொறிக்காரர் இறங்கி, ஒன்றும் கேட்காமல், மீனையும் ஐஸையும் றோட்டில் தள்ளிக் கொட்டினார்.

"இன்னும் எங்கையெண்டாலும் புதைச்சு வைச்சிருப்பாங்களோ தெரியாது" என்றார்.

"வந்த தடத்தாலேயே திருப்பிக் கொண்டுபோங்கோ அண்ணை" என்றார் கண்டக்டர். "வரேக்கை வெடிக்கேல்லைத்தானே."

ஈரப் பலகையில், செதிலுக்கும் இரத்தத்துக்கும் நடுவே நாங்கள் கிடந்தோம். லொறி குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். மீன்காரப் பெண் அண்ணியின் தலையை மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் பின் கதவோரம் நின்று, விழப்போனவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லோரையும் இறக்கிய பிறகுதான் கண்டக்டர் வாங்குப் பலகையில் போய் இருந்தார். தண்ணி கேட்டார். நான் கொண்டுவந்தபோது சுவரில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது. முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே சிறிய காயம். பெரிதாக இரத்தம்கூட இல்லை. உள்ளுக்குள் இரத்தம் பெருகியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மீன்காரப் பெண், நிலத்தில் குந்தித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் அவளுக்கும் ஒரு உறவும் இல்லை.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். ஆனால் கதவு அடித்தால் அண்ணி குழந்தையை அள்ளிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். அந்தப் பயம் பல வருடம் போகவில்லை.

வெடி வைத்தது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கேட்கவும் பயம், கேட்காமல் விடவும் பயம்.

ஆண்டு திரும்பியபோது அந்த இடத்தில் கூடினோம். கரையோரத்துச் சனம் மெழுகுதிரி கொண்டுவந்தது. எங்கள் சனம் கற்பூரம். கண்டக்டரின் தாயும் வந்திருந்தா. மீன்காரப் பெண் இறந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வரும்போது தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. யாருடையது என்று பார்க்க நிற்காமல் கூட்டம் கலைந்து பற்றைக்குள் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். அந்தத் தாய் மட்டும் எழும்பவில்லை.

"அம்மா, வாங்கோ!" என்று மீன்காரப் பெண் கூப்பிட்டாள்.

"நான் எங்கை பிள்ளை ஓடுறது" என்றா அவா.

மீன்காரப் பெண் திரும்பிப் போய் அவாவின் பக்கத்தில் இருந்தாள். ஜீப் அவர்களுக்குக் கிட்ட வந்து வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வண்டி போய்விட்டது. புழுதி அடங்கும்வரை இருவரும் மெழுகுதிரியை அணையாமல் கைகளால் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.