மீரான் பீவியின் பத்தொன்பது படிகள்

அருப்புக்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் சௌந்தரபாண்டியன். முப்பது வருஷத் தொழிலில் நான் செய்த பிழை ஒன்றே ஒன்று. அது பஜாருக்குப் பின்னால் தேக்குத் தூண்களோடும் மாடியோடும் இன்றைக்கும் நிற்கிறது. மீரான் பீவி அதில்தான் குடியிருக்கிறாள்.

பினாங்கு வீடு என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். மீரான் பீவியின் தாத்தா பினாங்கில் யாவாரம் செய்து சம்பாதித்துக் கட்டியது. பாகம் பிரித்தபோது கீழ்வீடு மூத்த மாமா வகைக்குப் போனது. அவர்கள் பினாங்கிலேயே தங்கிவிட்டார்கள், இங்கே பூட்டிய பூட்டு அப்படியே தொங்குகிறது. மாடி இளைய மாமா மகன் ஹாஜா நஜ்முதீனுக்கு. பெண்பிள்ளைக்குப் பங்கு சின்னது அல்லவா, மீரான் பீவியின் அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். மாடிப்படியும் படிக்கு அடியில் உள்ள இடமும் கச்சிதமாகப் பொருந்தின. அவ்வளவுதான், ஒதுக்கிவிட்டார்கள்.

பத்திரம் எழுதியவன் நான். அன்றைக்கு அங்கே பிரியாணி. தம் உடைக்கிற வாசனை வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மாடிக்காரர் அந்தப் படியில் ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்று நடைபாத்தியம் ஒரு வரி எழுத வேண்டும். விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்ட யாரும் கவனிக்கவில்லை, எல்லாருக்கும் பசி.

அம்மாவுக்குப் பிறகு படி மீரான் பீவிக்கு வந்தது. புருஷன் போனபின் வேறு போக்கிடம் இல்லாமல் படிக்கு அடியிலேயே அடுப்பைப் போட்டுக் காலையில் இடியாப்பம் விற்கிறாள். தேங்காய்ப்பாலோடு சாப்பிட்டுப் பார்த்தால் பாகப்பிரிவினையே மறந்துபோகும்.

ஹாஜா ஷார்ஜாவில் இருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாற்பது நாள் லீவில் வந்தார். வீட்டை இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்ட ஆள் பிடித்திருந்தார். பினாங்குக்காரர்களும் சரியென்று விட்டார்கள். "அடுப்பக் காலி பண்ணு. படிக்கு வெலயச் சொல்லு" என்றார் மீரான் பீவியிடம். அவள் கொடுக்க மாட்டேன் என்றாள். யாரோ சொல்லிக்கொடுக்கப் பத்திரத்தையும் வாசித்திருந்தாள்.

"இனி மேல போகணும்னா கேட்டுட்டு ஏறுங்க மச்சான்."

தன் வீட்டுக்குப் போக இன்னொருத்தியிடம் கேட்பதா? ஹாஜா நேரே என்னிடம் வந்தார். பத்திரத்தைப் படித்ததும்தான் நான் விட்ட வரி எனக்கே தெரிந்தது.

"அப்ப எங்க வீட்டுக்கு நான் பறந்தா போகணும்?" என்றார்.

"பறக்கக் கூடாதுன்னு பத்திரத்துல இல்லங்க" என்றேன். கோர்ட்டுக்குப் போனால் வழி கிடைக்கும், ஆனால் கேஸ் அவர் லீவுக்குள் முடியாது.

பாளையம்பட்டியில் சொல்லி இரும்பு ஏணி ஒன்று அடித்துச் சந்துப் பக்கம் சாத்தினார். அவர் மனைவி அர்ஷியா பாதி ஏறியதும் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுவிட்டார். தெருவே கூடிவிட்டது. ஆள் வந்து இறக்குகிறவரை மீரான் பீவிதான் படி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சந்து வழியை மறிக்கிறது என்று மறுவாரம் நகராட்சிக்காரர்கள் ஏணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஹாஜா மாடிக் கதவைப் பூட்டிச் சாவியோடு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சாவி இருக்கிறவருக்குப் படி இல்லை, படி இருக்கிறவளுக்குச் சாவி இல்லை. இடிக்கவும் முடியவில்லை. மீரான் பீவி தினமும் பத்தொன்பது படியையும் துடைத்துக்கொண்டே போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குவாள்.

போன ஐப்பசியில் மழை பிடித்தது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ஊரில் ஒரு வீடு தண்ணீராலேயே சாகக் கிடந்தது. மொட்டைமாடிக்கு வழி பூட்டிய மாடிக்குள்தான். அங்கே வடிகுழாய் அடைத்து, தண்ணீர் குளமாக நின்று, படிச்சுவரெல்லாம் ஓதம். கொத்தனார் இருளாண்டி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டு நாள் இப்பிடியே நின்னா மேல உள்ளது கீழ வந்துரும்" என்றார்.

மீரான் பீவி ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள்.

"படிய எழுதிக் குடு. சாவிய அனுப்புறேன்" என்றார் ஹாஜா.

எழுதிக் கொடுத்தால் ஜேசிபி வரும், கொடுக்காவிட்டால் கூரை வரும். எப்படியும் அவளுக்குத் தெருதான். நனைந்துகொண்டே என்னிடம் வந்தாள்.

"பூட்டத் தொட்றாதம்மா. அத்துமீறி நுழைஞ்சதா கேஸாயிரும்" என்றேன்.

"வீடு விழுந்தாண்ணே?"

"விழுந்தா உன் மேல குத்தம் இல்ல. பூட்ட ஒடச்சாத்தான் குத்தம்."

முப்பது வருஷ அனுபவத்தில் நான் கொடுத்த யோசனை இது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் நேரே போய், அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தாள். அடைப்பை எடுத்தாள். அத்தோடு விட்டாளா? "மச்சான், ஒங்க பூட்ட ஒடச்சுட்டேன்" என்று வாட்ஸப்பில் பேசி அவருக்கே அனுப்பினாள். அதையே சாட்சியாக வைத்து ஹாஜா ஆன்லைனில் புகார் கொடுத்துவிட்டார்.

பெண் எஸ்.ஐ. தங்கமாரி விசாரணைக்கு வந்தார். நானும் போயிருந்தேன். படிக்குக் கீழே நின்று, "ஏறலாமாம்மா?" என்றார். "தாராளமா ஏறுங்க" என்றாள் மீரான் பீவி. அவ்வளவு சுலபம்.

மேலே போனதும் எஸ்.ஐ. ஹாஜாவை வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டார். "உள்ள இருந்து என்னம்மா எடுத்த?"

"ரெண்டு வாளி சருகு. ஒரு புறாக்கூடு. செத்த புறா ஒண்ணு."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். "அடைப்பெடுக்கப் பத்து நிமிசம். மூணு மணி நேரம் உள்ள இருந்தயாமே, என்ன செஞ்ச?"

"பெருக்குனேன்மா" என்றாள். "பதினோரு வருசத் தூசி. நான் பொறந்த ரூமு இங்கதான் இருக்கு. அதுலதான் கூடுதலா நேரம் ஆயிருச்சு."

எஸ்.ஐ. போனை மெதுவாகத் திருப்பி ஹாஜாவுக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டினார். தரை துடைத்துக் கிடந்தது. ஜன்னல் கம்பிகூடத் துடைத்திருந்தது. ஹாஜா "பூட்டு?" என்றார்.

"அன்னைக்கே புதுசு வாங்கிப் பூட்டிட்டேன் மச்சான். இப்ப இவுகளுக்காகத்தான் தொறந்தேன்."

"கேஸ் வேணாம் மேடம்" என்றார் ஹாஜா. "சாவிய மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டைக் காப்பாற்றியவளிடம் சாவியைக் கேட்கிற மனுஷன். ஆனால் அவள் அன்றைக்கே ஒரு சாவியைக் காகிதத்தில் மடித்துக் கவரில் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஷார்ஜா விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நான் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹாஜாவிடமிருந்து போன் வந்தது. அவளுக்குக் கையெல்லாம் மாவு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாவி வந்துருச்சு" என்றார். அப்புறம், "அந்தப் பூட்டுக்கு மொத்தம் எத்தன சாவி?" என்றார்.

ஒன்று என்று சொல் என்று நான் விரலைக் காட்டினேன்.

"மூணு மச்சான்" என்றாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அங்க இன்னும் ரெண்டு நாள் மழை இருக்குன்னு டிவில சொல்றான்" என்றார் ஹாஜா. மற்ற ரெண்டு சாவியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.