சரஸ்வதியின் மெயிலை அழித்த நாள்

மலேசியாவில், யோங் பெங்கில் ஒரு சிறிய லாரி கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் எங்கள் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். போகிறவருடைய மெயில் கணக்கை அன்றே அழித்துவிடுவேன். மேசையைத் துடைக்கிற மாதிரிதான். என்னோடு ஆபீசில் இருந்த சரஸ்வதி போனபோதும் அதையே செய்தேன்.

அவள் இருந்தவரை, லாரியில் கோளாறு என்றால் டிரைவர்கள் அவளிடம் வாயால் சொல்வார்கள். அவள் பட்டறைக்கு மெயில் அனுப்புவாள்.

இரண்டு மாதம் கழித்து, ஆயர் ஈத்தாம் போகும் வழியில் எங்கள் டிரைவர் முனியாண்டி அண்ணனின் லாரி பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. அவருக்கு ஒரு கால் போயிற்று. "பிரேக் சரியில்லன்னு அவரு சொல்லவே இல்ல" என்றார் முதலாளி. மெயில் எதுவும் வரவில்லை என்று பட்டறைக்காரரும் சாதித்தார்.

சரஸ்வதிக்குப் போன் செய்தேன்.

"அண்ணன் பிரேக் பத்திச் சொன்னாரு, பட்டறைக்கு மூணு தடவ அனுப்பினேன்க்கா. என் மெயில்ல இருக்கும், பாருங்க லா" என்றாள்.

மெயில் கம்பெனியில் கேட்டேன். அழித்து இவ்வளவு நாளானதை மீட்க முடியாது என்றார்கள். விசாரணையில் பழி அண்ணன் மேலேயே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன், தங்கச்சி. நீங்களாவது நம்புறீங்களா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது யார் வேலையை விட்டாலும், அவருடைய மெயில் முழுவதையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகே கணக்கை மூடுகிறேன்.

அழித்தது நான்தான் என்று முனியாண்டி அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் இதை எழுதுகிற இந்த இதழை அவர் வீட்டிலும் வாங்குகிறார்கள்.