சுண்டுவிரலில் ஓர் அட்டை

காய்ச்சல் விட்ட மறுவாரம் என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போனது. சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறவர் அவர். பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று பாதத்துக்கே தெரியவில்லை என்றால், மலைரோட்டில் எப்படி வண்டி ஓட்டுவது? ஆஸ்பத்திரியில் கிடந்து, டிரிப் ஏற்றி வீடு வந்தபோது கைபிடித்தால் நடந்தார். பாதம் மட்டும் உணர்ச்சியில்லாமலே இருந்தது.

டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். "சேச்சி, கால்விரல்ல தொட்ட சேதி முதுகெலும்பு வரைக்கும் ஒரே நரம்பு செல்லோட வால் வழியாத்தான் போகும். அத்தனை நீளமும் ஒரே செல்." அந்த வாலைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டாம். உறையில் நடுநடுவே சிறு இடைவெளிகள். மின்சாரச் சேதி ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி ஓடுமாம். காய்ச்சலுக்குப் பின் உடம்பே அந்த உறையை எதிரி என்று நினைத்து அரித்துவிட்டதாம். "உறை திரும்ப வளரும். தூரம் அதிகம் இல்லையா, விரல்நுனி கடைசியாத்தான் சரியாகும்."

வளரும் என்றாரே தவிர, எப்போது என்று சொல்லவில்லை. எனக்கோ பொறுமை கிடையாது. சாயங்காலம் நான் தோட்ட வேலை முடிந்து வந்ததும் அவர் பாதத்தை மடியில் வைத்து அட்டை தேடுவேன். மழைக்காலத்தில் அட்டை வாசல்வரை வரும். ஏறினாலும் அவருக்குத் தெரியாதே. தேடிக்கொண்டே விரலைச் சுரண்டி, "தெரியுதா?" என்பேன்.

"தெரியுது புள்ள."

"நான் இன்னும் தொடவே இல்ல."

முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று தெரியும். திட்டித் தீர்த்துவிட்டு, அந்தப் பாதத்தை இன்னும் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருப்பேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன மழையில் ஒருநாள் பின்வாசல் நாற்காலியில், கால்மேல் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் கப்பக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, உப்பெடுத்துட்டு ஓடியா! அட்டை ஏறுது!"

ஓடினேன். கம்பளி பாதம்வரை மூடிக் கிடந்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

"எங்க?"

"சுண்டுவிரல்ல. சில்லுனு இருக்கு."

கம்பளியைத் தூக்கினேன். சுண்டுவிரல்மேல் ஓர் அட்டை வளைந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பளியை மறுபடி மூடினேன்.

"என்னாடி, மூடுற?"

"இப்ப எங்க இருக்கு, சொல்லுங்க."

"மேல வந்துருச்சு... கணுக்கால்கிட்ட. உப்பப் போடுடி, கழுத!"

விலக்கிப் பார்த்தேன். கணுக்காலில்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் உப்பைப் போட்டேன்.