ரத்தத்தில் வந்த பாசிட்டிவ்

தாடையில்தான் ஆரம்பித்தது. நாக்பூர் பக்கம் வசூலை முடித்துவிட்டுக் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியபோது இடது தாடை கடுத்தது. சொத்தைப் பல் என்று நினைத்துக் கிராம்பு வாங்கி அதக்கிக்கொண்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் வலி தோளுக்கு இறங்கி, சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. நெஞ்சு வலிக்கவே இல்லை. மாரடைப்பு என்றால் நெஞ்சில்தான் வலிக்கும் என்று என்னைப்போல் நம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் விற்பனைக்காரனாக இருந்தேன். மாதத்தில் பாதி வடக்கே லாட்ஜுகளில் கழியும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் (இருதய ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து). தாமதமாக வந்ததால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர். உயிரோடு இருக்கிறவனிடம் உன்னில் கொஞ்சம் செத்துவிட்டது என்றால் அவன் என்ன பதில் சொல்வான்? சரிங்க என்றேன்.

மறுநாளே காய்ச்சல் வந்தது, வார்டுக்கு மாற்றிய பிறகும் விடவில்லை. டாக்டர் சி.ஆர்.பி. பார்க்கச் சொன்னார் (உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு புரதம்). மாரடைப்பு வந்தவர்களுக்கு இது ஏறுவது வழக்கம்தான், இறங்காமல் நின்றால்தான் கவலை என்றார். வெளியே இருந்த லேபுக்குப் போய் ரிசல்ட்டை வாங்கி நர்ஸிடம் கொடுத்தவன் என் மைத்துனன் முருகேசன்.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறிப்போயிற்று. தினமும் ஈரத் துண்டால் என் உடம்பைத் துடைத்துவிடும் என் மனைவி சரோஜா, துண்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முருகேசன் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கடம்பூரிலிருந்து போளி வாங்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமலே கிளம்பினார்கள்.

நான் பிழைக்க மாட்டேன், அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். சாவதைவிட, சாகிறவனை ஏன் தொட மறுக்கிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

பக்கத்துக் கட்டில் காலியான ஒரு மதியம், சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, வடக்க போற எடத்துல தப்பா எதும் பழக்கம் உண்டா? ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்திருக்காம்லா. தம்பி சொல்லுதான்.”

அப்போது எங்கள் ஊரில் பாசிட்டிவ் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் ரேடியோவிலும் சொன்ன அந்த வியாதி. லாரிக்காரர்களுக்கும் என்னைப்போல் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கும் அது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முருகேசன் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் சி.ஆர்.பி.க்கு எதிரே எழுதியிருந்த அந்த ஒரு சொல்லைத்தான் படித்திருக்கிறான்.

கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் வந்ததும் நானே விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சரோஜாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“நீங்க நினைக்குத பாசிட்டிவ் இல்லம்மா இது. இருதயத்துல பட்ட புண்ணு இன்னும் ஆறலைன்னு ரத்தம் காட்டுது. ஒட்டுத வியாதி கெடையாது.”

அவள் தலையாட்டினாள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது மெதுவாகக் கூப்பிட்டாள்.

“அதையும் ஒரு தடவ பாத்துருங்க டாக்டர்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். எவ்வளவோ ஊசி குத்திய கைதான். அன்று குத்தியது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த வியாதி இல்லை என்று வந்தது. சரோஜா துண்டை நனைத்துப் பிழிந்து என் முதுகைத் துடைத்தாள். அழுதுகொண்டே துடைத்தாள். தம்பி சொன்னது சரிதானா என்று போய்க் கேட்பதற்கு அவளுக்கும் வேறு யார் இருந்தார்கள்?

காய்ச்சல் விட்டது. வேலையை விட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்தால், ரிசல்ட் வாங்கப் போகிறவரிடம் அது என்ன பரிசோதனை என்று சொல்லி அனுப்புங்கள்.

முன்பெல்லாம் என் நாட்கள் ரயில் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடின. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிறேன். படி ஏறும்போது பாதியில் நின்று, இருதயத்தில் மிச்சம் இருப்பது வேலை செய்கிறதா என்று கவனிக்கிறேன். சி.ஆர்.பி. மறுபடி ஏறினால் இன்னொரு அடைப்பு வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன தடவை ரிசல்ட்டை நானே வாங்கி வந்தேன். சரோஜா முற்றத்தில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெகட்டிவ் என்றேன்.

அவள் கை நின்றது.

“எது?” என்றாள்.